ராகு காலத்தில் வந்த வாளி

கலியாண வீடுகளில் வதனாக்காவுக்குப் பக்கத்துக் கதிரை கிடைத்தால் எனக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. எப்படியும் யாராவது ஒருவர் வந்து, "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?" என்று அவரிடம் கேட்பார். அந்தக் கேள்வி வரும்வரை நான் சாப்பாட்டில் கை வைக்கமாட்டேன். பதிலைக் கேட்டு மற்றவரின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகத்தான்.

ஆய்வுகூடத்தில் வேலை என்று சொன்னால் விசயம் முடிந்துவிடும். வதனாக்கா அப்படிச் சொல்வதில்லை. "காளான் வளர்க்கிறன்" என்பார். போன வருடம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், பட்டுச்சேலை உடுத்த அன்ரி ஒருவர் அதைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அட, நல்ல தொழில். எனக்கும் ஒரு ரெண்டு கிலோ தாருமன். எங்கட வீட்டில காளான் கறியெண்டால் சட்டியையும் வழிச்சுத் துடைப்பினம்."

"இது நாம தின்னுற காளான் இல்ல அன்ரி. குப்பைத் தண்ணி குடிக்கிற காளான்."

அன்ரி கையிலிருந்த வடையைப் பார்த்தார். பிறகு வதனாக்காவின் கையைப் பார்த்தார். அதன் பிறகு கதிரை மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குப் போனது. நான் வயிறு நோகச் சிரித்தேன். வதனாக்கா ஒன்றும் நடக்காததுபோல் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குப்பைத் தண்ணீரைக் காளானுக்கு ஊட்டுகிறவன் நான். பெயர் கிருபன். ரொறன்ரோவுக்கு வடக்கே காரில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு சின்ன நகரம் வரும். அதற்கு ஒரு பழைய குப்பைமேடு உண்டு. குப்பை கொட்டுவதை எப்போதோ நிறுத்தி, மேலே மண் போட்டு மூடி, இப்போது புல்லும் முளைத்துவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் ஆடு மேய்க்கலாம்போல இருக்கும். ஆனால் மழையும் பனியும் உள்ளே இறங்கி, அங்கே புதைந்து கிடக்கும் பற்றரி, பெயின்ற், மருந்து, மெத்தை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு அடியால் வரும். நிறம் பால் விடாத கடும் வெறுந்தேத்தண்ணி. மணத்தைப் பற்றிச் சொல்லமாட்டேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கவும் கூடும். அந்தத் தண்ணீரை நகரசபை நெடுங்காலமாகப் பவுசர் என்கிற தாங்கி லொறிகளில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. என் வேலை அங்கே பம்புகளைப் பார்ப்பது, குழாய்களைப் பார்ப்பது, கேட்டால் கொம்பனி வான் வண்டியில் சாமான் ஏற்றி இறக்குவது. இதற்கு முன் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். இரண்டிலும் இது மேல், அங்கே பேச்சுத்துணைக்குப் பெட்டிகள்தான்.

செத்த மரங்களில் தட்டுத்தட்டாக, வரிவரியாக முளைக்கும் காளானை நீங்கள் இந்த நாட்டுப் பூங்காக்களில் பார்த்திருப்பீர்கள். அதன் வெள்ளை நூல்கள் மரத்துக்குள் ஓடி, ஒருவித சாற்றை விட்டு, கட்டையையே பஞ்சாக்கிவிடும். அதே சாறு குப்பைத் தண்ணீரிலுள்ள, வேறு எதற்கும் மசியாத நஞ்சுகளையும் உடைக்கும். இதுதான் எங்கள் கொம்பனியின் நம்பிக்கை. மேட்டின் அடிவாரத்தில் இரண்டு தொட்டிகள் வைத்தார்கள். முதல் தொட்டியில் பற்றீரியாக்கள் அமோனியாவைப் பெரும்பாலும் தின்றுவிடும். இரண்டாவது தொட்டியில் மரச்சீவலும், அதில் காளானும். உள்ளே போகும்போது கடும் தேத்தண்ணி, வெளியே வரும்போது முகம் தெரியாத வீட்டில் கொடுக்கிற தேத்தண்ணி. அவ்வளவு ஐது, அவ்வளவு நிறக்குறைவு.

இரண்டாவது தொட்டி வதனாக்காவின் பொறுப்பு. முதல் வருடம் எங்கிருந்தோ ஒரு பச்சைப் பூஞ்சணம் வந்து அவருடைய காளானை முழுவதும் தின்றுவிட்டது. தொட்டிக்கு முன்னால் நின்று அழுதார். அழுது முடிய மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சவளைத் தாங்க கிருபன்" என்றார். இரண்டு பேருமாகச் சவளால் பழைய சீவலை அள்ளிக் கொட்டி, தொட்டியைக் கழுவி, புதிதாகத் தொடங்கினோம். குளிர்காலத்தில் அந்தத் தொட்டிக்குச் சுற்றிய கம்பளிகளைப் பார்த்தால் பிள்ளை பெற்ற வீடு என்று நினைப்பீர்கள்.

அவருடைய முழுப்பெயர் சந்திரவதனா, ஊர் களுவாஞ்சிக்குடிப் பக்கம். மட்டக்களப்பில் விலங்கியல் படித்தவர். கனடாவுக்கு வந்து மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினார், மகள் லக்சிகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கல்லூரியில் சேர்ந்து மறுபடி படித்தார், நாற்பது தாண்டித்தான் இந்த ஆய்வுகூட வேலை கிடைத்தது. கணவர் ஸ்ரீஸ்கந்தராசா பஸ் சாரதி, யாழ்ப்பாணத்து மனிதர். வீட்டில் புட்டுக்கு எது கறி என்பதில் இன்றுவரை சமாதானம் ஏற்படவில்லை. டோர்செட் பார்க்கில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறார்கள். ஆய்வுகூடம் அங்கிருந்து கிட்ட, மிட்லண்ட் தெருப் பக்கம் கார் திருத்துகிற கடைகளுக்கு நடுவே இருக்கிறது.

தண்ணீர் சுத்தமா இல்லையா என்று அங்கே எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? கருவிகள் எத்தனையோ உண்டு. ஆனால் கடைசிச் சொல் நீர்த்தெள்ளுகளிடம் இருக்கிறது. கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் சின்னஞ்சிறு உயிர்கள். சோதிக்க வேண்டிய தண்ணீரில் அவற்றை விட்டு இரண்டு நாள் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் செத்தால் அந்தத் தண்ணீர் நஞ்சு, விசயம் முடிந்தது. வதனாக்கா அந்தத் தெள்ளுகளையும் வளர்த்தார். "என்ட பிள்ளையள்" என்பார். பிள்ளைகளை வளர்த்து நஞ்சுக்குள் விடுகிற தாயை நான் அங்கேதான் கண்டேன் என்று ஒருநாள் சொன்னதற்கு முறைத்த முறைப்பை நான் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனுசிக்கு ஒரு பழக்கம். ராகு காலத்தில் எதையும் தொடங்கமாட்டார்.

ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டியில், அதுதான் பிறிச்சில், ஒரு கலண்டர் தொங்கும். வீட்டுக்கடன் எடுத்துத் தருகிற மோட்கேஜ் ஏஜென்ட் ஒருவர் தமிழ்க் கடைகளில் சும்மா கொடுக்கிற கலண்டர், முருகனுக்குப் பக்கத்தில் அவரும் கோட் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார். கீழே ரொறன்ரோ நேரப்படி ராகு காலம் போட்டிருக்கும். கோடையில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுகிறபோது ராகுவையும் சேர்த்துத் தள்ளியிருப்பார்கள். வதனாக்கா புதுச் சப்பாத்துப் போடுவதென்றாலும் அதைப் பார்ப்பார். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பார்க்கிறார்கள், பார்க்கவில்லை என்று சொல்கிறவர்கள் வீடு வாங்குகிற அன்றைக்கு மட்டும் பார்க்கிறார்கள். ஆகவே நான் அதைப் பகிடியாகத்தான் எடுத்தேன். அதனால் யாருக்கும் ஒரு கெடுதியும் வந்ததில்லை. நான் எப்போதும் சோதிக்கவேண்டிய தண்ணீர் வாளியைச் செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுபோவேன். செவ்வாய் காலையில் ராகு இல்லை.

தொட்டி வைத்த நாலாம் வருடப் புரட்டாதியில் கடைசிச் சோதனை வந்தது. நகரசபைக்காரர்கள் சொன்னது இதுதான்: காளான் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரில் தெள்ளுகள் பிழைத்தால், அந்தத் தண்ணீரைப் பக்கத்திலுள்ள கோரைக் குளத்துக்கு விட அனுமதிப்போம். பிழைக்காவிட்டால் தொட்டியைக் கழற்றிவிட்டுப் பவுசருக்கே திரும்புவோம். கழற்றினால் காளானையும் சீவலையும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்த மேட்டிலேயே குழி வெட்டித் தாட்டுவிடுவார்களாம். வதனாக்காவிடம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நகரசபை அதிகாரி தண்ணீர் எடுக்கும்போது தானும் நிற்கவேண்டும் என்றார், அவருக்கு வசதிப்பட்டது வியாழக்கிழமை மத்தியானம். நான் வாளியை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து இறக்கியபோது வியாழக்கிழமை ராகு தொடங்கிவிட்டிருந்தது.

வதனாக்கா கலண்டரைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். தண்ணீரைக் கண்ணாடிச் சாடிகளில் ஊற்றி, அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று வைத்தார். அதுவரை சரி, குளிர்ந்த தண்ணீரில் தெள்ளுகளை விடக்கூடாது. சூடு சரியானதும் உடனே தொடங்கவேண்டும் என்பது விதி. அவர் உடனே தொடங்கவில்லை. தண்ணீர் தேங்கிப் பழுதாகக் கூடாதென்று மீன்தொட்டிக்கு விடுவதுபோல் சின்னக் காற்றுக் குழாயை ஒவ்வொரு சாடியிலும் விட்டுவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட்டார்.

"என்னக்கா, உங்கட ராகு எப்ப போவார்?"

"சிரிக்காதீங்க. இது என்ட காளானுக்குக் கடைசிச் சோதினை. ஒரு நல்ல நேரத்தில தொடங்கினா என்ன குறைஞ்சுபோகும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. குமிழி விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ராகு போகும்வரை இரண்டு பேரும் இருந்து தேத்தண்ணி குடித்தோம். பிறகு அவர் கைகழுவி, பிள்ளையாரை நினைத்து, தெள்ளுகளை விட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் வதனாக்காவிடமிருந்து எனக்கு ரெலிபோன் வந்தது. சுத்தத் தண்ணீரில் விட்ட தெள்ளுகள் எல்லாம் துள்ளிக்கொண்டு நின்றனவாம். எங்கள் தண்ணீரில் விட்டவை முக்கால்வாசியும் அடியில் கிடந்தனவாம். ஆய்வுகூடத் தலைவி ஹெலனும் அன்றே வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை நகரசபைக்கு அறிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். காளான் தோற்றுவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மீது என்று தெரியாததால் வீட்டில் குப்பை வாளியை உதைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். செத்தவீட்டுக்குப் போகிற மாதிரி வாழைப்பழச் சீப்பு ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன், என்ன மடத்தனம் என்று லிப்டில்தான் விளங்கியது. ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை கதவைத் திறந்து, குசினியைக் கண்ணால் காட்டினார். வதனாக்கா சமையல் மேசைக்கு முன்னால் இருந்தார். முகம் அழுத முகம் இல்லை. அதைவிட மோசமாக இருந்தது.

"கிருபன், தெள்ளுகளைக் காளான் கொல்லல்ல. நான்தான் கொன்றன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"முதல் தொட்டி அமோனியாவை முழுக்க எடுக்கிறல்ல. கொஞ்சம் மிஞ்சும். அது சும்மா கிடந்தா ஒருத்தரையும் ஒண்டும் செய்யா. ஆனா தண்ணிக்குள்ள காத்து ஊத ஊத, அதுக்குள்ள இரிக்கிற காபனீரொட்சைட்டு, சோடாவில இரிக்கிற காத்து, வெளிய போயிரும். அது போனா புளிப்புக் குறைஞ்சு, தண்ணி சவக்காரத் தண்ணி மாதிரி ஆகும். அப்பதான் அந்த மிச்ச அமோனியா நஞ்சாகிற. கொஞ்ச நேரம் ஊதினாப் பரவால்ல. நான் ராகு போகுமட்டும் ஊதவிட்டன்."

"உதெல்லாம் உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியாம? கல்லூரியில சோதினைக்கு எழுதின விசயம்."

எனக்கு வாய் நீளம், கோபம் வந்தால் அண்ணன் தம்பி பார்க்காது. "படிச்ச மனிசி! தெரிஞ்சுகொண்டே ஆராவது உப்பிடிச் செய்வினமோ? நாலு வருசம் பிள்ளை மாதிரி வளத்திட்டுக் கடைசியில ராகுவுக்குப் பலி குடுத்திட்டியளே!" என்று கத்தினேன். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தொலைக்காட்சிக்குப் போனார். நான் பேசி முடித்தபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தவன் நான்தானே.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம் எண்டு சொல்லுவாங்க" என்றார் அவர். "பாவம் நான் செய்தன். பழி அந்தக் காளானுக்கு. நாளைக்கு ஹெலனிட்டச் சொல்லப்போறன்."

"சொன்னால் உங்கட வேலை போகும் அக்கா."

"சொல்லாட்டித் தொட்டி போகும்."

"ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன். அவருக்காகத்தான் கேட்டேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்சா, அந்தச் சோத்தை நான்தானே மறுகா தின்னோணும்" என்றார். பிறகு வாழைப்பழத்தைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். நானே ஒன்றை உரித்துச் சாப்பிட்டேன்.

அவருடைய பயம் வேலை போவதைப் பற்றி மட்டும் இல்லை. வெள்ளைக்கார விஞ்ஞானி ஒருத்தியிடம் போய் ராகு காலம் என்றால் என்ன என்று சொல்லவேண்டும். பெண்ணே, வானத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, அது தினமும் ஒன்றரை மணித்தியாலம் எங்களுக்கு ஆகாது, அதனால்தான் உன் சோதனை பிழைத்தது! மகள் லக்சிகா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். "அம்மா, பிளீஸ், சும்மா ட்ரெயின் லேற், மீற்றிங் எண்டு ஏதாவது சொல்லுங்கோ. ராகு ஸ்டோரி மட்டும் வேணாம். இற்ஸ் சோ எம்பரசிங்" என்றாள்.

"பொய் சொல்லுறதெண்டா நான் பேசாமலே இரிப்பன் மகள்" என்றார் வதனாக்கா.

திங்கட்கிழமை காலையில் நான் தேவையில்லாமல் ஒரு பெட்டி குழாய்களை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். வதனாக்கா ஹெலனின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பிறிச்சிலிருந்த கலண்டரையே கழற்றி வந்து காட்டினார். ஹெலன் கோட் போட்ட மோட்கேஜ் ஏஜென்டை நெடுநேரம் பார்த்தார். அவர்தான் ராகு என்று நினைத்தாரோ தெரியாது.

ஹெலன் சிரிக்கவில்லை. கோபித்தார். முகம் சிவந்து, குரல் உயராமல் கோபித்தார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காத்திருந்தது தனக்குப் பிரச்சினை இல்லை என்றார். காத்திருக்கவேண்டுமென்றால் தண்ணீரைக் குளிரிலேயே வைத்திருக்கலாம், நாள்கணக்கில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. காற்றை ஊதவிட்டபடி காத்திருந்ததும், அதை அன்றே தன்னிடம் சொல்லாததும்தான் பிழை என்றார். நகரசபைக்கு அறிவித்த பிறகு சொல்லியிருந்தால் இந்த ஆய்வுகூடத்தை இனி யார் நம்புவார்கள் என்று கேட்டார். வதனாக்கா தலையைக் குனியாமல் எல்லாவற்றையும் கேட்டார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

குளிரில் வைத்தால் போதுமாம்! வெளியே வந்ததும் வதனாக்கா சுவரில் தலையை மெல்ல மோதினார். "பிறிச்சில கலண்டர் தொங்குது. அதே பிறிச்சைத் திறந்து வாளியை உள்ள வைக்க எனக்குத் தோணல்லியே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஹெலன் நகரசபையோடு பேசினார். நடந்த பிழையை மறைக்காமல் சொல்லி, ஒருமுறை மட்டும் திருப்பிச் செய்ய அனுமதி வாங்கினார். அந்த அதிகாரிக்கும் தொட்டிமீது விருப்பம் இருந்திருக்கவேண்டும், ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு தடவை, அடுத்த கிழமை செவ்வாய், தோற்றால் தொட்டி கழற்றப்படும்.

பிறகு ஹெலன் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். செவ்வாயில் அந்த நேரம் எப்போது வரும்? பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு என்றேன். அப்படியானால் அதற்கு முன்னமே வாளி இங்கே இருக்கவேண்டும், சந்திரவதனா பதற்றமில்லாமல் தொடங்கவேண்டும் என்றார். கோபித்த வாயாலேயே அதையும் சொன்னார். எனக்கு அந்த மனுசியைக் கும்பிடவேண்டும்போல இருந்தது. கும்பிட்டால் அதற்கும் ஒரு விளக்கம் சொல்லவேண்டி வரும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி மத்தியானம் வந்தார், தண்ணீர் எடுத்தோம், வாளியை ஐஸில் வைத்து உடனே புறப்பட்டேன். நேரம் தாராளமாக இருந்தது. கனடாவில் பனிக்காலம் ஒன்று, றோட்டு வேலைக்காலம் ஒன்று என்று இரண்டே காலங்கள்தான் என்பார்கள். அன்றைக்கு நெடுஞ்சாலையில் மூன்று பாதையை ஒன்றாக்கி வைத்திருந்தார்கள். ஒரு மனிதன் மண்வெட்டி பிடித்துக்கொண்டு நின்றான், ஏழு பேர் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஸ்ரியரிங்கில் குத்தினேன். எனக்குத் தெரிந்த தூசணம் எல்லாம் தீர்ந்து, களஞ்சியத்தில் போலந்துக்காரனிடம் பழகியதையும் சொல்லி முடித்தேன். வானின் பின்பக்கத்தில் வாளி குளிர்ந்துகொண்டு சும்மா இருந்தது. அதற்கென்ன.

ஆய்வுகூட வாசலில் வதனாக்கா நின்றார். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, அவருடைய முகமே சொல்லிற்று.

"கிருபன், வரயிக்க ராகுவையும் ஏத்திக்கொண்டு வந்திட்டீங்க."

"அக்கா, குளிரில வைச்சிட்டு நாளைக்கு விடியத் தொடங்குங்கோ. ஹெலனே சொன்னவ, வைச்சிருந்தால் ஒண்டும் ஆகாதெண்டு."

அவர் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். ஹெலன் கதவடியில் வந்து நின்று பார்த்தார். பிறிச்சுக்கு முன்னால் வதனாக்கா நின்றார். ஒரு கை பிறிச்சின் பிடியில், மற்றக் கையில் வாளி. கலண்டர் மூக்குக்கு நேரே. விதியும் இடம் கொடுக்கிறது, தலைவியும் இடம் கொடுக்கிறாள், வைத்தால் கேட்க ஆளில்லை.

"இல்ல" என்றார். எங்களுக்குச் சொன்னாரா, முருகனுக்குச் சொன்னாரா தெரியாது. "போனமுறை எனக்காகத் தண்ணியைக் காக்க வைச்சன். இந்தமுறை அது வந்த நேரம்தான் நேரம்."

தண்ணீரைச் சாடிகளில் ஊற்றினார். சூடு வந்ததும் தெள்ளுகளை ஒவ்வொன்றாக விட்டார். ஒரு துளியும் சிந்தவில்லை. வாய் மட்டும் ஓயாமல் ஏதோ முணுமுணுத்தது. ராகு காலத்தில் துர்க்கையைக் கும்பிட்டால் தோசம் இல்லை என்பார்கள். அந்தச் சலுகையை அவர் விடவில்லை. நான் வெளியே போய்க் கார் திருத்துகிற கடைக்கு முன்னால் நின்று, ஒருவன் காரின் சில்லுக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு நாளும் வதனாக்கா எவ்வளவு நித்திரை கொண்டார் என்று நான் கேட்கவில்லை. நான் சரியாகக் கொள்ளவில்லை. தொட்டியடிக்குப் போகும்போதெல்லாம் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை நூல்கள் சீவலைப் பிடித்துக்கொண்டு, தங்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை பின்னேரம் நான் ஆய்வுகூடத்தில் நின்றேன். ஹெலன் எண்ணினார். பிறகு வதனாக்காவை எண்ணச் சொன்னார். வதனாக்கா விளக்குக்குக் கிட்டக் குனிந்து எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். சாடிக்குள் புள்ளிகள் மேலும் கீழும் துள்ளுவது எனக்கே தெரிந்தது. அங்கொன்று இங்கொன்று அடியில் கிடந்தது. மற்றதெல்லாம் உயிரோடு.

"இரிக்கு" என்றார். பிறகு, "இரிக்கு, இரிக்கு, எல்லாம் இரிக்கு கிருபன்!" என்று என் தோளைப் பிடித்து உலுப்பினார். ஹெலன் அவரைக் கட்டிப்பிடித்தார். நானும் அழுதேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்தக் கிழமை முழுவதும் கழுத்தில் ஏறி இருந்த பாரம் ஒன்று இறங்கியது. அன்றைக்குத்தான் என் வீட்டில் குப்பை வாளி நசுங்கியிருப்பதை மனைவி கண்டுபிடித்தாள், அவள் ஏசியதும் எனக்குப் பாட்டுப்போல இருந்தது.

வதனாக்காவின் வேலை போகவில்லை. எச்சரிக்கை ஒன்று கிடைத்தது. "காத்துப் பம்புக்கு முன்னால என்னைத் தனிய விடாதீங்க" என்று அவரே பகிடி சொல்லுமளவுக்குப் பிறகு வந்துவிட்டார். கலண்டர் இன்னமும் பிறிச்சில்தான் தொங்குகிறது. புது வருடத்துக்குப் புதுக் கலண்டர், அதே ஏஜென்ட், கோட் மட்டும் வேறு.

பனி கரைந்து வைகாசி வந்ததும் குளத்துக்குத் தண்ணீர் விடுகிற நாள் குறித்தார்கள். ஒரு புதன்கிழமை மத்தியானத்துக்குச் சற்றுப் பின். நகரசபையிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். யாரோ ஒரு கேக் கொண்டுவந்தார்கள். குப்பைமேட்டில் நின்று கேக் சாப்பிடுகிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது. தண்ணீர் வாயிலைத் திறக்கவேண்டியது வதனாக்கா என்று ஹெலன் சொன்னார். வதனாக்கா சேலை உடுத்து, மேலே பாதுகாப்பு அங்கி போட்டு, தலையில் தொப்பியோடு நின்றார்.

நான் கிட்டப்போய்க் காதுக்குள், "அக்கா, புதன்கிழமை. இப்ப ராகு நடக்குது" என்றேன்.

"தெரியும்" என்றார். வாயிலின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். குழாயால் தண்ணீர் ஐதான தேத்தண்ணி நிறத்தில் வந்து, கோரைப் புற்களுக்கு நடுவே பரவி, குளத்தோடு கலந்தது. இனி அந்தத் தண்ணீருக்குப் பவுசர் தேவையில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கரையில் நின்ற ஒரு சோடித் தாரா வாத்துகள் ஒருமுறை பார்த்துவிட்டு, தங்கள் பாட்டில் நீந்தின.

எல்லாம் முடிந்து ஆட்கள் போனபிறகு, வதனாக்காவை டோர்செட் பார்க்கில் இறக்கிவிட வானில் ஏற்றினேன். சாவியைப் போட்டுத் திருப்பப் போனேன்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் ராகு இரிக்கு."

"இப்பதானே அக்கா ராகு காலத்தில வாயிலைத் திறந்தனீங்கள்?"

"தண்ணிக்கு அவசரம். நமக்கு என்ன அவசரம்?"

நான் சாவியை விட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். மிச்சமிருந்த கேக்கை அவர் மடியிலிருந்து எடுத்து எனக்குப் பாதி தந்தார். குளத்துக்குள் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ராகு போகும்வரை இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.